செக் எஞ்சின் லைட் எரிந்தால் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்? ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

செக் எஞ்சின் லைட் எரிந்தவுடன் நம்மில் பலர் செய்வது இதுதான்: யாரிடமாவது ஸ்கேனர் ஒன்றைக் கேட்டு வாங்கிச் செருகி, அது காட்டும் குறைக் குறியீட்டை, அதாவது கோட் என்பதை, இணையத்தில் தேடி, அங்கே முதலாவதாகச் சொல்லப்படும் சென்சரை வாங்கக் கொழும்பின் பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடைகளுக்குப் போகிறோம். சென்சர் மாறுகிறது, கோட் அழிகிறது, கொஞ்ச நாளில் அதே லைட் திரும்ப எரிகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்தச் சுற்று இன்னும் செலவானது. பாட்ஸ் இலேசில் கிடைக்காது, கிடைப்பதும் பெரும்பாலும் வேறொரு காரில் கழற்றியது, அது நல்லதா கெட்டதா என்பது விற்பவருக்கே தெரியாது. ஆனால் வீட்டில் நின்றபடியே, ஒரு சின்ன அடாப்டரும் கைபேசியும் சில ஸ்பானரும் வைத்துக்கொண்டு, குறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்தால் போதும்.

எஞ்சினை நடத்தும் கம்பியூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்கு, கண் இல்லை. குழாய் வெடித்தது, பிளக் தேய்ந்தது, ஃபில்டர் அடைத்தது எதுவும் அதற்கு நேரடியாகத் தெரியாது. இத்தனை காற்று உள்ளே போகிறது, எக்ஸ்ஹோஸ்ட்டில் இத்தனை ஒக்சிஜன் மிச்சம் இருக்கிறது, கிராங்க் இந்த வேகத்தில் சுற்றுகிறது என்று சென்சர்கள் அனுப்பும் சிக்னல்கள் மட்டும்தான் அதற்குத் தெரியும். அதில் ஒரு அளவு எல்லை தாண்டிப் போய், பல கோடுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலும் அப்படியே இருந்தால், ஈசியு ஒரு கோடைப் பதிந்துவிட்டு லைட்டை எரிய விடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து வடிகால் நாறுகிறது என்று சொன்னால் நாம் வடிகாலைத்தான் திறந்து பார்ப்போம், சொன்னவரைக் குறை சொல்ல மாட்டோம். ஒக்சிஜன் சென்சர் "காற்று அதிகம், பெற்றோல் குறைவு" என்று சொன்னால் அதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சென்சர் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அந்தக் கோடே வந்திருக்கிறது.

லைட்டையே முதலில் பாருங்கள்

எதையும் செருகுவதற்கு முன், சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். செக் எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஸ்டார்ட்டுக்கு முன் எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது காரை விற்க வேண்டும் என்பதற்காக யாரோ அதைக் கழற்றி வைத்திருக்கலாம். கைமாறி வந்த காரில் இதைக் கட்டாயம் பாருங்கள், இரண்டு நொடி வேலை.

ஓடிக்கொண்டிருக்கும்போது லைட் நிலையாக எரிந்தால் அவசரம் இல்லை. டெம்பரேச்சரும் ஒயில் பிரஷரும் சரியாக இருந்து, காரும் வழமைபோல இழுத்தால், வீட்டுக்கு ஓட்டி வந்து ஆறுதலாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் அது வேறு கதை. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே எக்ஸ்ஹோஸ்ட்டுக்குள் போகிறது (இதைத்தான் மிஸ்ஃபயர் என்பார்கள்), அது புகையைச் சுத்தமாக்கும் சூடான கெட்டலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் செராமிக் கூட்டையே உருக்கிவிடும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் இருந்தாலும் சரி, தெற்கு அதிவேகப் பாதையில் இருந்தாலும் சரி, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரங்கட்டி நிறுத்துங்கள். "வீடு கிட்டத்தானே" என்று மிதித்து ஓட்டியதால், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு கொயிலின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் கெட்டலிற்றிக்கின் விலைக்குப் போய்விடும்.

உங்கள் கார் எந்த மொழி பேசுகிறது?

வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லாத, நம்முடைய ஊருக்கு மிக முக்கியமான விஷயம் இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் கொழும்பில் நாம் பார்க்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பல நல்ல வயதானவை, அதிலும் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்யப்பட்டு ரிகண்டிஷனாக வந்தவை. ஸ்கேனர் ஈசியுவோடு பேசுவதற்கான ஓபிடி-2 என்ற பொதுவான முறை அமெரிக்காவில் 1996 இல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது, ஐரோப்பாவில் புதிய பெற்றோல் கார்களுக்கு 2001 இல் வந்தது, ஜப்பான் தன்னுடைய வகையை 2008 இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஜப்பான் கார் பலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே அதே 16 பின் சொக்கெட் இருக்கும், மலிவு அடாப்டரும் அழகாகப் பொருந்தும், ஆனால் அப் "ஈசியுவோடு தொடர்பு இல்லை" என்று நின்றுவிடும். அடாப்டர் பழுதென்று நினைத்து இன்னொன்று வாங்காதீர்கள். அந்தக் கார் நிறுவனத்தின் சொந்த முறையில் பேசுகிறது, அந்த முறை தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

தொண்ணூறுகளின் கார்களுக்கு இன்னும் பழைய, எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. சொக்கெட்டில் குறிப்பிட்ட இரண்டு பின்களை ஒரு சிறு வயரால் இணைத்தால், செக் எஞ்சின் லைட்டே மின்னி மின்னிக் கோடைச் சொல்லும். அந்தக் காலத்து டொயோட்டா பலவற்றில், ஒருதரம் மின்னி, கொஞ்சம் நின்று, இருதரம் மின்னினால் 12, அதாவது ஆர்பிஎம் சிக்னல் வரவில்லை. 21 ஒக்சிஜன் சென்சர் பக்கம். 22 கூலன்ட் வெப்பச் சென்சர் பக்கம். ஆனால் எந்த இரண்டு பின் என்பதை உங்கள் மொடலுக்குரிய சேர்விஸ் மனுவலில் உறுதி செய்த பிறகுதான் வயரைத் தொடுங்கள். 16 ஆவது பின்னில் எப்போதும் பற்றரியின் 12 வோல்ட் இருக்கும், அதைத் தவறாகக் கோர்த்தால் பியூஸ் போவதோடு முடியலாம், ஈசியு போவதோடும் முடியலாம்.

2008 க்குப் பிந்தைய கார் என்றால், டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் போன்றவை, இந்தத் தொல்லை இல்லை. இஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகை அல்லது ப்ளூடூத் எல்ஈ வகை என்று கேட்டு வாங்க வேண்டும், சாதாரண ப்ளூடூத் அடாப்டர் ஆண்ட்ராய்டோடு மட்டும்தான் பேசும்.

எழுதி வையுங்கள், அழிக்காதீர்கள்

அடாப்டரைச் செருகி, சாவியை ஓன் பண்ணி, அப்பைத் திறந்ததும் கை தானாகவே "அழி" பொத்தானுக்குப் போகும். வேண்டாம். கோடை அழித்தால் அதோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் போய்விடும், அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெறுமதியான துப்பு. கோட் பதிந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது, கூலன்ட் எவ்வளவு சூடு, எஞ்சினில் எவ்வளவு பாரம் என்பதை ஈசியு படம் பிடித்து வைத்திருக்கும். ஒரே மிஸ்ஃபயர் கோட் காலையில் 35 பாகை கூலன்ட்டில், ஐட்லிங்கில் வந்திருந்தால் தேட வேண்டியது ஒன்று. 6,500 ஆர்பிஎம்மில் முழு மிதியில் வந்திருந்தால் தேட வேண்டியது முற்றிலும் வேறு. ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதிந்த கோடுகளோடு "பெண்டிங்" என்று வரும் கோடுகளையும் எடுங்கள், அவை இன்னும் லைட்டை எரிய விடாத, ஒருதரம் மட்டும் கண்ட குறைகள்.

கோடைப் படிப்பது எளிது. பி0302 என்று வந்தால், முதல் எழுத்து எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்த பகுதி என்று சொல்கிறது. அடுத்த 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட் என்று சொல்கிறது, அந்த இடத்தில் 1 இருந்தால் நிறுவனத்தின் சொந்தக் கோட், அதைத் தேடும்போது கார் மொடலையும் சேர்த்துத் தேட வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு நிறுவனத்தின் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு அலைவீர்கள். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 என்றால் காற்றும் பெற்றோலும், 3 என்றால் பற்றவைப்பும் மிஸ்ஃபயரும், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. கடைசி இரண்டும் குறிப்பான குறை: இங்கே இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

அமெரிக்கப் பக்கங்களில் எந்தக் கோடுக்கும் "பெற்றோல் மூடியை இறுக்கிப் பாருங்கள்" என்று முதல் அறிவுரை வரும். டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று ஈசியு தானே சோதிக்கும் முறை அங்கே சட்டத்தால் வந்தது. ஜப்பான் உள்ளூர்க் கார்களில் பெரும்பாலும் அந்தச் சோதனையே கிடையாது, அதனால் மூடியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஓடும் எண்களைப் பார்ப்பது

இனி அப்பில் லைவ் டேட்டா என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து ஃப்ளாட்களில் கார் நிற்பது பெரும்பாலும் கீழ்த்தளத்தில். அங்கே எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு சோதிக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தலை சுற்றும்போதுதான் தெரியும், அப்போது நேரம் பிந்திவிடும். திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு நல்ல சோதனை உண்டு. சாவியை ஓன் பண்ணி, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். கொழும்பில் விடிகாலையில் இரண்டும் 27, 28 பாகையை ஒட்டி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28 உம் மற்றது 60 உம் என்றால் 60 காட்டும் சென்சர் பொய் சொல்கிறது. கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. மரைன் டிரைவை ஒட்டி நிறுத்தும் கார்களில் உப்புக் காற்றால் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துப் போவதும், நீண்ட நாள் நின்ற காரில் எலி வயரைக் கடிப்பதும் சாதாரணம். ஆகவே சென்சரைப் பழி சொல்வதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றி, பார்த்து, கொன்டக்ட் கிளீனர் அடித்து, திரும்பப் பூட்டிப் பாருங்கள். பற்றரி வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள்: நிற்கும்போது 12.6 ஐ ஒட்டி, ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. நம்முடைய வெயில் பற்றரியைச் சீக்கிரம் தின்றுவிடும், வோல்டேஜ் விழுந்தால் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத கோடுகள் கூட்டமாக வரும்.

இப்போது ஃபுவல் ட்ரிம். ஒரு தொடக்கக்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்றுக்கொள்வார் என்றால் நான் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

பெற்றோல் சரியாக எரிய, அதன் எடையைப் போல் ஏறக்குறைய 14.7 மடங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை எயார்ஃப்ளோ சென்சர் அளக்கிறது, ஈசியு அதற்கேற்ற பெற்றோலைத் தெளிக்கிறது, எரிந்த பிறகு எக்ஸ்ஹோஸ்ட்டில் இருக்கும் ஒக்சிஜன் சென்சர் கணக்குச் சரிவந்ததா என்று திருப்பிச் சொல்கிறது. சரிவரவில்லை என்றால் ஈசியு பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ பார்க்கும். அந்தக் கூட்டல் குறைப்புத்தான் ட்ரிம், சதவீதத்தில் காட்டும். ஷோர்ட் டேர்ம் என்பது அந்த நொடியில் செய்வது, லோங் டேர்ம் என்பது நாளாவட்டத்தில் பழகி வைத்திருப்பது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூச்சியத்துக்கு இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. 20, 25 ஐத் தாண்டி மேலே போனால் பி0171 வரும், அதாவது பெற்றோல் போதவில்லை. அதேபோல் கீழே போனால் பி0172, அதாவது பெற்றோல் கூடிப்போய்விட்டது.

சோதனை இப்படி. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள், ஏசியை நிறுத்துங்கள், ஐட்லிங்கில் ட்ரிம் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து, திரும்பக் குறியுங்கள். ஐட்லிங்கில் பிளஸ் 22, 2,500 இல் பிளஸ் 4 என்றால், எயார்ஃப்ளோ சென்சரைத் தாண்டி எங்கோ ஒரு ஓட்டை வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஏன் அப்படி? ஐட்லிங்கில் எஞ்சின் குடிப்பதே கொஞ்சக் காற்று, உள்ளே இழுவிசையும் அதிகம், ஆகவே சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறியதும் முறையான வழியில் நிறையக் காற்று வரும், ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். இதற்கு நேர்மாறாக ஐட்லிங்கில் பிளஸ் 3, பாரம் ஏற ஏற பிளஸ் 22 என்று வளர்ந்தால், ஒன்று பெற்றோல் பம்போ ஃபில்டரோ தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை, அல்லது எயார்ஃப்ளோ சென்சர் அழுக்காகி வருகிற காற்றைக் குறைத்துச் சொல்கிறது. இரண்டு எண்கள், அரை நிமிடம், நீங்கள் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. கோட் இரண்டு சந்தர்ப்பத்திலும் ஒன்றேதான், பி0171.

காற்றுக் கசிவு என்றால் போனட்டைத் திறந்து காதைக் கொடுங்கள், உஸ் என்ற சத்தமே பல தரம் காட்டிக்கொடுக்கும். எயார் ஃபில்டரிலிருந்து, காற்று வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் வரை போகும் ரப்பர் பூட்டை வளைத்து மடிப்புகளுக்குள் பாருங்கள், வயதும் சூடும் சேர்ந்து அங்கேதான் வெடிக்கும். ப்ரேக் பூஸ்டர் குழாய், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி குழாய், ஒயில் ஊற்றும் மூடி, டிப்ஸ்டிக் எல்லாம் கசியக்கூடிய இடங்கள். கார்ப் கிளீனரை அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறை பலருக்குத் தெரியும். சூடான எக்ஸ்ஹோஸ்ட் மெனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தை அடிக்காதீர்கள், ஸ்பிரே போத்தலில் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்தாலும் கசிவுள்ள இடத்தில் ஐட்லிங் மாறுவது கேட்கும். வயர் கனெக்டர்கள்மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் அகப்படாவிட்டால் ஸ்மோக் மெஷின் இருக்கும் கராஜில் புகை விட்டுப் பார்ப்பது நல்லது.

எயார்ஃப்ளோ சென்சர் மீது சந்தேகம் என்றால், அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடித்து, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடாமல், நன்றாகக் காய விட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

முன்னைய சொந்தக்காரர் செய்த வேலைகள்

சாதாரண வேகன்ஆர் ஒன்றில் வராத பிரச்சினைகள் ஸ்போர்ட்ஸ் காரில் வருவதற்குப் பெரிய காரணம், அதை யாரோ ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள். ஒயில் பூசிய கோன் ஃபில்டர் போட்டிருந்தால், அந்த ஒயில் எயார்ஃப்ளோ சென்சர் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கலாம். சென்சர் பொருந்தும் குழாயின் விட்டத்தையே மாற்றிய இன்டேக் என்றால், சென்சர் நல்லதாக இருந்தாலும் கணக்குப் பிழைக்கும், ஈசியுவுக்குப் புதிய டியூன் இல்லாமல் அது சரிவராது. டர்போ கார்களில், எயார்ஃப்ளோ சென்சரால் அளக்கும் சுபாரு டபிள்யுஆர்எக்ஸ், லான்சர் எவொலூஷன் போன்றவற்றில், அக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச அழுத்தத்தைத் திறந்துவிடும் ப்ளோ ஒஃப் வால்வை வெளியே ஊதும்படி மாற்றினால், ஏற்கெனவே அளந்த காற்று வெளியே போய்விடும், ஆனால் அதற்கான பெற்றோல் உள்ளே போகும். கியர் மாற்றும்போது கரும்புகையும் டப் டப் சத்தமும் அதனால்தான். இன்டர்கூலர் குழாய் பூஸ்டில் கழன்றாலும் இதே மாதிரித்தான், இழுவை விழுந்துவிடும்.

பி0420, அதாவது கெட்டலிற்றிக் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட், வந்தால் அடியில் படுத்து முதலில் கெட்டலிற்றிக் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்துக்காக அதை வெட்டி நேர்க்குழாய் போட்ட கார்கள் நிறைய. இருக்கிறது என்றால், அதற்கு முன்னால் எக்ஸ்ஹோஸ்ட் கசிவு இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பின்பக்க ஒக்சிஜன் சென்சரின் வோல்டேஜை லைவ் டேட்டாவில் பாருங்கள். நல்ல கெட்டலிற்றிக்குக்குப் பின்னால் அது 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாக இருக்கும். ஒரே வேகத்தில் சீராக ஓடும்போதும் 0.1 க்கும் 0.9 க்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருந்தால் கெட்டலிற்றிக் தன் வேலையைச் செய்யவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் தேவைப்படும் ஊரில் இதைத் தள்ளிப்போடுவதில் பலன் இல்லை.

மிஸ்ஃபயர்: இடம் மாற்றிப் பார்ப்பது

பி0301 முதல் பி0304 வரை வந்தால் செலவே இல்லாத சோதனை இருக்கிறது. குறை சொன்ன சிலிண்டரின் கொயிலை நல்ல சிலிண்டரின் கொயிலோடு இடம் மாற்றுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. கோடை இப்போதுதான் அழிக்கலாம், குறிப்பு எடுத்துவிட்டீர்கள் அல்லவா. கொஞ்சம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். கோட் கொயிலோடு சேர்ந்து மற்ற சிலிண்டருக்கு நகர்ந்தால் கொயில்தான். நகராமல் அதே இடத்தில் நின்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கும் நகராவிட்டால் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் அதாவது கம்ப்ரெஷன் என்று மேலே போக வேண்டும். கராஜுக்குப் போகும்போது, "அண்ணை, பி0302 வந்தது, கொயிலை மூண்டாவதுக்கு மாத்திப் போட்டன், கோட் பி0303 ஆ மாறிட்டுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸ் நேராக வேலைக்குப் போய்விடுவார், உங்களிடம் தேவையில்லாத பாட்ஸ் கேட்கவும் மாட்டார். டொயோட்டா 86 போன்ற, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பொக்ஸர் எஞ்சினில் பிளக்குகள் பக்கவாட்டில், சேசிஸுக்கு மிக நெருக்கமாக இருக்கும், கை நுழைவது கடினம், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் சிலிண்டர் இல்லை, முக்கோண வடிவில் சுற்றும் இரண்டு ரோட்டர்கள்தான், பி0301 என்றால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர். ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், ட்ரெய்லிங் என்று இரண்டு பிளக், இரண்டு கொயில். இந்தக் காரின் கொயில்கள் காலப்போக்கில் பலவீனமாகும் என்பது உலகமெங்கும் தெரிந்த விஷயம். பலவீனமான கொயில் மிஸ்ஃபயரைக் கொடுக்கும், மிஸ்ஃபயர் கெட்டலிற்றிக்கை உருக்கும், உருகிய கெட்டலிற்றிக் எக்ஸ்ஹோஸ்ட்டை அடைத்து எஞ்சினைச் சுடவைக்கும், அந்தச் சூடு ரோட்டரின் சீல்களைக் கெடுக்கும். அதனால் ஆர்எக்ஸ்-8 இல் மிஸ்ஃபயர் கோடை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பெற்றோலைப் பற்றியும் கேட்பார்கள். 86 இன் கம்ப்ரெஷன் விகிதம் 12.5, ஜப்பானில் அதற்கு ஹை ஒக்டேன்தான் சொல்லப்பட்டிருக்கிறது, ஆர்எக்ஸ்-8 க்கும் அப்படியே. நம்முடைய ஷெட்டில் 92 அடித்தால் எஞ்சின் நொக் பண்ணக்கூடும், அதாவது பெற்றோல் நேரம் தப்பி வெடிக்கும், ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், இழுவை குறையும். ஆனால் அதனால் மட்டும் பொதுவாக லைட் எரியாது. பி0325, பி0327 போன்ற நொக் சென்சர் கோடுகள் பெரும்பாலும் வயர் அல்லது சென்சர் பக்கத்துப் பிரச்சினை. எதுவானாலும் இந்தக் கார்களுக்கு 95 அடியுங்கள்.

சரிசெய்த பிறகு

குறையைத் திருத்தியதும் கோடை அழித்துவிட்டு, அடுத்த சில நாட்கள் வழமைபோல ஓட்டுங்கள். காலையில் ஆறிய எஞ்சினில் தொடங்கி, கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் சீரான வேகம் என்று. அப்பில் ரெடினெஸ் மொனிட்டர் என்ற பகுதி இருக்கும்: ஈசியு தன்னுடைய ஒவ்வொரு சோதனையையும் முடித்துவிட்டதா இல்லையா என்று காட்டும். கோடை அழித்தவுடன் பெரும்பாலானவை "முடியவில்லை" என்று மாறும், ஓட ஓட ஒவ்வொன்றாக முடியும். எல்லாம் முடிந்தும் கோட் வராவிட்டால்தான் வேலை சரியாக முடிந்தது என்று அர்த்தம், லைட் அணைந்திருப்பது மட்டும் போதாது. லோங் டேர்ம் ட்ரிம் பூச்சியத்தை நோக்கி இறங்கி வருகிறதா என்றும் பாருங்கள்.

இதே பகுதி பழைய கார் வாங்கப் போகும்போதும் உதவும். விற்பவர் காட்டும் காரில் லைட் இல்லை, கோடும் இல்லை, ஆனால் மொனிட்டர்கள் பல "முடியவில்லை" என்று இருந்தால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள், ஓட்டிப் பார்க்க இன்னும் நேரம் கேளுங்கள்.

வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு. நேரடி இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சினின் பெற்றோல் லைனை நீங்களாகக் கழற்றாதீர்கள், அதற்குள் அழுத்தம் மிக மிக அதிகம், தோலைத் துளைத்துக்கொண்டு போகும். டைமிங் செயின் சம்பந்தமான கோடுகள், எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சந்தேகம், இவை கராஜ் வேலை. ரோட்டரி எஞ்சினுக்குக் கம்ப்ரெஷன் பார்ப்பதற்குச் சாதாரண மீற்றர் உதவாது, ரோட்டரின் மூன்று முகங்களில் மிக உயர்ந்த அளவை மட்டும்தான் அது காட்டும், மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மீற்றர் இருக்கிறதா என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டு, பிறகு காரைக் கொண்டுபோங்கள்.